மாட்டை யார் பார்ப்பது: ‘லா பெல் செஸோன்’

கத்தரீன் கொர்சினி இயக்கி 2015இல் வந்த பிரெஞ்சுப் படம். ஆங்கிலத்தில் ‘சம்மர்டைம்’ என்று பெயர் வைத்து விட்டிருக்கிறார்கள். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடுகிறது. இரண்டு பெண்களுக்கு இடையிலான காதல், பின்னணியில் 1971ஆம் வருஷத்துப் பாரிஸ், பெண்ணுரிமை, தன்பாலீர்ப்பாளர் உரிமை என்று யாராவது உங்களுக்கு இதைச் சொல்லியிருக்கலாம். அது பொய்யில்லை. ஆனால் நான் பார்த்த வரைக்கும் இது மாடு வைத்திருக்கிற வீட்டைப் பற்றிய படம். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு பால்மாட்டு வீட்டில் வளர்ந்தவள் என்பதால் எனக்கு அப்படித் தெரிகிறதோ என்னவோ, அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

டெல்ஃபின் ஒரு விவசாயியின் மகள். ஊர் லிமூசான் சீமை. பிரான்சின் நடுவிலிருந்து கொஞ்சம் தென்மேற்கே, செவலை மாடுகளுக்குப் பேர்போன மேய்ச்சல் பூமி. டிராக்டர் ஓட்டுகிறாள், அப்பாவுக்குச் சமமாகப் பாடுபடுகிறாள். ஊரிலேயே ஒரு பெண்ணோடு யாருக்கும் தெரியாத பழக்கம். அந்தப் பெண் ஒருநாள் தனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று சொல்லி முடித்துக்கொள்கிறாள். வீட்டிலோ அப்பா, நீ எப்போது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். டெல்ஃபின் பெட்டியைக் கட்டிக்கொண்டு பாரிசுக்கு ரயிலேறுகிறாள். இவ்வளவையும் கொர்சினி மளமளவென்று சொல்லிவிடுகிறார். அழுகை ஒப்பாரி எதுவும் கிடையாது. இசியா இஜ்லான் என்கிற நடிகை (அடிப்படையில் ராக் பாடகி) தோளையும் நடையையும் வைத்தே முக்கால்வாசி நடித்துவிடுகிறார். அவர் டிராக்டரில் ஏறும்போது நடிகை ஏறுவதுபோல இல்லை.

பாரிசில் அவள் தெருவில் நடந்துபோகும்போது ஒரு பெண்கள் கூட்டம் எதிரே ஓடிவருகிறது. வழியில் போகிற ஆண்களின் பின்புறத்தைக் கிள்ளிவிட்டு ஓடுகிறார்கள்! நம் ஊர்ப் பேருந்தில் நெரிசலில் நின்று போன எந்தப் பெண்ணுக்கும் அந்தக் காட்சியில் ஒரு சின்ன சந்தோஷம் வராமல் இருக்காது. கிள்ளு வாங்கிய ஒருவன் அடிக்கப் பாய, டெல்ஃபின் குறுக்கே புகுகிறாள். அங்கே சந்திப்பவள்தான் கரோல். வாத்தியார் வேலை, மனுவேல் என்கிற இடதுசாரி ஆண் நண்பனோடு ஒரே வீட்டில் வாழ்க்கை, வாய் ஓயாத அரசியல். நடித்திருப்பவர் செசில் து ஃபிரான்ஸ்.

அந்த வருஷத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் நன்றாகப் பிடிபடும். 1970 ஆகஸ்ட் 26 அன்று சில பெண்கள் பாரிசின் வெற்றி வளைவுக்குப் போய், அங்கே இருக்கிற பெயர் தெரியாத போர்வீரனின் சமாதியில் அவனுடைய மனைவிக்காக மலர்வளையம் வைக்கப் பார்த்தார்கள். வீரனைவிடப் பெயர் தெரியாதவள் அவன் மனைவிதானே என்பது அவர்கள் பதாகையில் இருந்த கேள்வி. அங்கிருந்துதான் அந்த ஊர்ப் பெண்கள் விடுதலை இயக்கத்தின் கதையை எண்ணத் தொடங்குகிறார்கள். 1971 ஏப்ரல் 5 அன்று 343 பெண்கள், நாங்கள் கருக்கலைப்பு செய்துகொண்டவர்கள் என்று கையெழுத்துப் போட்டு ஒரு வாரப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். அப்போது அது குற்றம். பெயர் தெரிந்தால் வழக்கு வரலாம். எழுத்தாளர் சிமோன் து பொவார் கையெழுத்து அதில் உண்டு, நடிகை கத்தரீன் தெனேவின் கையெழுத்தும் உண்டு.

தன்பாலீர்ப்பாளர் போராட்டமும் அதே மாதங்களில், பெரும்பாலும் அதே ஆட்களால்தான் கிளம்பியது. 1971 மார்ச் 10 அன்று மெனி கிரெகுவார் என்கிற புகழ்பெற்ற வானொலித் தொகுப்பாளர் பாரிசின் பிளெயெல் அரங்கில் பார்வையாளர்களை வைத்து நேரலை நிகழ்ச்சி நடத்தினார். தலைப்பு, தன்பாலீர்ப்பு என்கிற வேதனையான பிரச்சினை. ஒரு பாதிரியார், ஒரு மனநல மருத்துவர் என்று மேடையில் ‘நிபுணர்கள்’. நடுவிலே அரங்கிலிருந்த பெண்கள் எழுந்து, எங்களுக்கு வேதனையே இல்லை என்று கத்தியபடி மேடைக்கு ஏறிவிட்டார்கள். ஒலிபரப்பை நிறுத்தவேண்டி வந்தது. அந்தச் சூட்டோடு பிறந்ததுதான் ‘ஃபார்’ என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட புரட்சிகர தன்பாலீர்ப்பாளர் முன்னணி. மே தின ஊர்வலத்தில் தொழிற்சங்கங்களின் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த கொஞ்ச நாளில் அந்த அமைப்பிலும் ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று பெண்கள் தனியே ஒரு குழு வைத்துக்கொண்டது வேறு கதை.

படம் இதையெல்லாம் பாடமாக நடத்துவதில்லை, நல்லவேளை. கல்லூரி அரங்கு ஒன்றில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுகிற கூட்டத்துக்குள் டெல்ஃபினோடு நம்மையும் உட்கார வைக்கிறது. புகை, சிரிப்பு, யாரோ ஒருத்தி எழுந்து நிற்கிறாள், யாரும் கேட்பதில்லை. அதைத் தாண்டி எனக்குப் பிடித்தது மனநல மருத்துவமனைக் காட்சி. ஆணை விரும்புகிறான் என்பதற்காகப் பெற்றவர்களே ஒரு பையனை அங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண்கள் நேராகப் போய் அவனைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். திருட்டுப் படத்தின் வேகம், நகைச்சுவை, அதற்குள் அந்தப் பையனின் மந்தித்துப்போன முகம். அரசியல் கூட்டத்தில் நூறு வார்த்தை பேசிப் புரியவைக்க முடியாததை அந்த ஒரு முகம் சொல்லிவிடுகிறது. மற்றபடி பாரிஸ் பகுதியில் சில இடங்களில் ஆட்கள் துண்டுப்பிரசுரம் வாசிப்பதுபோலப் பேசுகிறார்கள். கரோலின் நண்பன் மனுவேலுக்குப் பாவம், பொறாமைப்படுகிற முற்போக்குக்காரன் என்பதற்குமேல் எழுதிக் கொடுக்கவில்லை.

காதல் எப்படித் தொடங்குகிறது என்பதில் கொர்சினி கெட்டிக்காரர். விடுதலை, உடல், உரிமை என்று நாளெல்லாம் பேசுகிற கரோலுக்கு, தன்மேல் ஒரு பெண்ணுக்கு ஆசை என்று தெரிந்ததும் சிரிப்பும் பதற்றமும் வருகிறது. நான் அப்படி இல்லையே என்கிறாள். ஒரு கோஷமும் போடத் தெரியாத டெல்ஃபினுக்குத் தான் யார் என்பதில் சின்ன வயசிலிருந்தே சந்தேகம் கிடையாது. முதலில் நெருங்குகிறவள் அவள்தான். பிறகு கரோல் விழுகிறாள், விழுந்தபின் அவளை நிறுத்த முடியவில்லை.

அப்போது ஊரிலிருந்து தகவல் வருகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம்.

இங்கேதான் படம் எனக்கு உண்மையில் ஆரம்பித்தது. டெல்ஃபின் ஊருக்குத் திரும்புகிறாள். அப்பா பேச்சற்றுப் போய்க் கிடக்கிறார், அம்மா மோனிக் ஒற்றை ஆளாகப் பண்ணையைத் தாங்க முடியாது. கரோலால் பாரிசில் இருக்க முடியவில்லை. மனுவேலை விட்டுவிட்டு அவளும் பின்னாலேயே வந்து சேருகிறாள். பாரிஸ் தோழி, கோடைக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கிறாள் என்று வீட்டில் அறிமுகம். பகலெல்லாம் மாடும் புல்லும் டிராக்டரும். ராத்திரி டெல்ஃபின் பூனைபோல் நடந்து அவள் அறைக்குப் போய், அம்மா எழுவதற்குள் திரும்பிவிட வேண்டும். இப்போது நிலைமை அப்படியே தலைகீழ். பாரிசில் தயங்கியவள் இங்கே வயல்வெளியில் கையைப் பிடிக்கிறாள். பாரிசில் துணிந்தவள் இங்கே கையை உதறுகிறாள்.

இந்தப் படத்தை நான் அக்காவோடு பார்த்தேன். அவள்தான் இன்னும் ஊரில் மாடு வைத்திருக்கிறவள். காலையும் மாலையும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறாள். ஆங்கில வசன வரிகளை நான் சத்தமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வர, அவள் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். படுக்கையறைக் காட்சிகள் வந்தபோது, ஓட்டு ஓட்டு என்றாள். ஓட்டப் போனால், இரு, என்னதான் ஆகுதுன்னு பாப்போம் என்றாள். பாரிஸ் அரசியல் நடக்கும்போது எழுந்து போய் டீ வைத்துக்கொண்டு வந்தாள். பண்ணை வந்தபிறகு எழவே இல்லை. மாடு நிற்கிற இடம் சுத்தமாக இருக்கிறது என்றாள், அந்தப் புல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். கரோல், என்னோடு பாரிசுக்கு வா, வா என்று டெல்ஃபினைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க, அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

“அவ பாட்டுக்கு வா வாங்கறா. மாட்டை உட்டுப்போட்டு எங்க போறது? இவ அழுதாலும் சிரிச்சாலும் விடியால மாடு கத்துமல்லொ?”

இந்தப் படத்தைப் பற்றி இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் படிக்கவில்லை. கரோலுக்குப் பாரிசில் விட்டுவிட்டு வர ஒரு வேலையும் ஓர் ஆணும்தான். அதை ஒரு வாரத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டாள். டெல்ஃபினிடம் கேட்கப்படுவது வேறு. நோயில் கிடக்கிற அப்பா, வயதாகிற அம்மா, வாயில்லா ஜீவன்கள், பரம்பரை நிலம், அதோடு தான் கைதேர்ந்த ஒரே தொழில். அவள் கோழை என்று கரோல் நினைக்கிற இடமெல்லாம் எனக்கு உறைத்தது. அவளுக்கு மாட்டு வேலை பிடிக்கும். அதைக் கட்டாயத்துக்காகச் செய்யவில்லை. இதைப் படம் விளக்கிச் சொல்வதில்லை. ஜான் லாப்வாரியின் ஒளிப்பதிவில் அந்தப் புல்வெளியும் வெயிலும் அத்தனை அழகாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு சிலர் இதை நாள்காட்டிப் படம்போல இருக்கிறது என்று குறை சொல்லலாம். விட்டுப் போக மனமில்லாத இடம் அழகாகத் தெரியாவிட்டால் கதையே நிற்காதே.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று. பிரான்சில் 1791லேயே தன்பாலுறவு குற்றப் பட்டியலிலிருந்து போய்விட்டது. (நமக்கு அது 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் கிடைத்தது.) அப்படியானால் அங்கே நிம்மதியா என்றால் இல்லை. 1942இல், நாஜி ஜெர்மனிக்குப் பணிந்துபோன விஷி அரசு, 21 வயதுக்கு உட்பட்டவரோடு தன்பாலுறவு கொண்டால் தண்டனை என்று ஒரு சட்டம் போட்டது; ஆண்-பெண் உறவுக்கான வயது வரம்பு அதைவிட வெகு குறைவு. போர் முடிந்தும் அந்தச் சட்டம் போகவில்லை. 1960இல் பாராளுமன்றம் தன்பாலீர்ப்பைச் சமூகப் பீடைகளின் பட்டியலில் சேர்த்தது. வயது வரம்பில் இருந்த அந்த வித்தியாசம் நீங்கியது 1982இல்தான். ஆக 1971இல் அந்தப் பெண்கள் கத்தியதற்கு நிறையவே காரணம் இருந்தது. ஆனால் இந்தப் படத்தில் போலீஸ் பண்ணைக்கு வருவதில்லை. வழக்கு இல்லை, நீதிபதி இல்லை. கதவைத் திறக்கிறவள் அம்மா.

மோனிக்காக வருகிற நொயெமி ல்வோவ்ஸ்கிதான் என்னளவில் இந்தப் படத்தின் தூண். பிரெஞ்சு சினிமாவின் பெரிய விருதான செசாருக்குத் துணை நடிகைப் பட்டியலில் அவர் பெயரும், நடிகைப் பட்டியலில் செசில் து ஃபிரான்ஸ் பெயரும் இருந்தன, இருவருக்கும் கிடைக்கவில்லை. ல்வோவ்ஸ்கிக்குக் கிடைக்காதது எனக்கு ஆறவில்லை. அவர் மோனிக்கைக் கொடுமைக்கார அம்மாவாக நடிக்கவில்லை. கரோலை முதலில் அவருக்குப் பிடிக்கிறது. வீட்டுக்குள் பேச்சுத்துணையாக ஒருத்தி வந்திருக்கிறாள், வேலைக்கும் சளைக்கவில்லை, சிரிக்க வைக்கிறாள். சமையலறையில் அந்த இருவருக்கும் இடையில் ஒரு சிநேகம் மெல்ல உண்டாகிறது. அந்தக் காலத்துப் பிரான்சில் பண்ணையில் கணவனுக்கு ஈடாக உழைத்த மனைவிக்குத் தொழில் என்ற கட்டத்தில் எழுதிக்கொள்ள ஒன்றுமில்லை. 1980க்குப் பிறகுதான் சட்டம் கொஞ்சம் கொஞ்சமாக அவளைக் கண்ணெடுத்துப் பார்த்தது. பாரிசில் கரோல் மேடையில் யாருக்காகப் பேசினாளோ அந்தப் பெண் இந்த மோனிக்தான். அந்தப் பெண்ணே கடைசியில் அவளை வீட்டைவிட்டு அடித்துத் துரத்துகிறாள். வார்த்தையும் கையும் ஒன்றாக வருகிற அந்தக் காட்சியில் அக்கா ஒன்றும் பேசவில்லை. நானும் மொழிபெயர்க்கவில்லை, தேவைப்படவும் இல்லை. அந்த ஆத்திரத்துக்குள் அருவருப்பைவிடப் பயம்தான் நிறைய. மகள் போய்விட்டால் இதை யார் பார்ப்பது என்கிற பயம்.

பக்கத்துப் பண்ணை அந்துவானையும் சொல்லவேண்டும் (கெவின் அசாயிஸ்). டெல்ஃபினைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவன், ஊரே அவனைத்தான் மாப்பிள்ளையாகப் பார்க்கிறது. இவனுக்கு விஷயம் தெரிந்துபோகிறது. நம் ஊர்ப் படமாக இருந்தால் இந்த இடத்தில் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சாயத்துக்கு ஓடியிருப்பான். கொர்சினி அவனை வில்லனாக்கவில்லை. வலிக்கிறது, முகம் சுருங்குகிறது, ஆனால் அவனும் அந்த மண்ணில் தனியாகக் கிடக்கிற ஒருத்தன்தான் என்று விட்டுவிடுகிறார். சின்ன வேஷம், நின்று நடித்திருக்கிறான்.

குறைகள் இருக்கின்றன. கிரெகுவார் எட்செலின் இசை சில இடங்களில் நமக்கு என்ன தோன்றவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. புல்வெளியில் இருவரும் உடையில்லாமல் படுத்திருக்கிற காட்சியை அக்கா ஒரே வார்த்தையில் நிராகரித்தாள்: “எறும்பு.” நானும் ஒப்புக்கொள்கிறேன், அங்கே இயக்குநருக்கு விவசாயம் மறந்துபோய் ஓவியம் ஞாபகம் வந்துவிட்டது. அப்பா பாத்திரம் பக்கவாதம் வந்தபிறகு மேசை நாற்காலிபோல ஓரத்தில் வைக்கப்படுகிறது. அந்த மனிதருக்கு என்னதான் தெரிந்தது, என்ன நினைத்தார் என்று ஒரு பார்வையாவது கொடுத்திருக்கலாம்.

என்னுடைய பெரிய சண்டை முடிவோடு. கதையின் கடைசி தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். இருவரும் ரயில் நிலையம் வரை போகிறார்கள். டெல்ஃபினால் ஏற முடியவில்லை. அதுவரைக்கும் சரி, அந்த மேடையில் இஜ்லான் நிற்கிற நிற்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. பிறகு படம் சில வருஷங்களைத் தாண்டிக் குதிக்கிறது. கரோல் பெண்களுக்கான மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறாள். 1975 ஜனவரியில் கருக்கலைப்பை அனுமதிக்கிற சட்டம் வந்துவிட்ட காலம் அது. டெல்ஃபினிடமிருந்து கடிதம். அவள் கடைசியில் வீட்டைவிட்டுப் போய், தெற்கே தனக்கென்று ஒரு பண்ணை வைத்திருக்கிறாள். அப்படியா! எப்படிப் போனாள்? அம்மாவிடம் என்ன சொன்னாள்? மாடுகளை விற்றார்களா, அந்துவான் வாங்கிக்கொண்டானா? பணம் எங்கிருந்து வந்தது? ஒன்றே முக்கால் மணி நேரம் எந்தக் கேள்வியில் என்னை உட்காரவைத்தாரோ, அதற்கான பதிலைக் கொர்சினி இரண்டு காட்சிகளுக்கு நடுவில் ஒளித்துவிட்டார். போராட்டம் என்றால் அந்த நாலைந்து வருஷம்தானே? கூட்டம் போட்டுக் கத்தியவர்களின் வரலாறு பத்திரிகையில் இருக்கிறது, படத்திலும் இருக்கிறது. துணைக்கு ஒருத்தரும் இல்லாமல் ஒரு கிராமத்தில் டெல்ஃபின் நடத்திய போராட்டத்தைக் கடிதத்தில் நாலு வரியாக்கி அனுப்பிவிட்டார்கள்.

இருந்தும் பாருங்கள் என்றுதான் சொல்வேன். இரண்டு பெண்களை ஒரே வயதில், ஒரே மாதிரி அழகில் வைத்து விற்கிற படம் அல்ல இது. படம் வந்தபோது செசில் து ஃபிரான்சுக்கு நாற்பது, இஜ்லானுக்கு இருபத்தைந்துகூட ஆகவில்லை. அந்த வித்தியாசம் முகத்தில் தெரிகிறது, அதைக் கதை பயன்படுத்தவும் செய்கிறது. கொர்சினி 1956இல் பிறந்தவர், அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை. படம் வந்தது பிரான்சில் தன்பாலினத் திருமணச் சட்டம் நிறைவேறி இரண்டு வருஷம் கழித்து. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் பாரிசில் லட்சக்கணக்கானவர்கள் ஊர்வலம் போன சூடு ஆறியிராத நேரம். அதனால்தான் வரலாற்றுப் படத்துக்குரிய பழமை வாசனை இதில் குறைவு என்று படுகிறது. சுவிட்சர்லாந்தின் லோகார்னோ திரைப்பட விழாவில் பெரிய சதுக்கத்தில் திறந்தவெளியில் திரையிட்டிருக்கிறார்கள். அந்தப் புல்வெளியை அவ்வளவு பெரிய திரையில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

யாரோடு பார்ப்பது என்பது உங்கள் பாடு. நிர்வாணம் உண்டு, படுக்கையறை உண்டு, ஒளிவுமறைவு கிடையாது. குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கிற படம் இல்லை. வசனம் வேகமாக வரும், பாரிஸ் கூட்டக் காட்சிகளில் வசன வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஓடும். முதல் அரைமணி நேரத்தில் எல்லாம் பிடிபடவில்லை என்று மூடிவிடாதீர்கள், பண்ணைக்கு வந்தபின் பேச்சு குறைந்துவிடும்.

பார்த்து முடித்தவர்கள் முடிந்தால் ‘ல ஃபார்’ என்கிற ஆவணப்படத்தையும் தேடிப் பாருங்கள். 26 நிமிஷம், கறுப்பு வெள்ளை வீடியோ, 1971இல் கரோல் ரூசோபுலோஸ் தன் கையிலிருந்த வீடியோக் கருவியில் பிடித்தது. அந்த மே தின ஊர்வலமும் அதற்குப்பின் ஒரு வகுப்பறையில் நடந்த விவாதமும் அதில் இருக்கின்றன. அவரும் நடிகை டெல்ஃபின் செரிக்கும் சேர்ந்து பிறகு நிறைய வேலை செய்தார்கள். 1982இல் பாரிசில் சிமோன் து பொவார் பெயரில் ஒரு ஒளி-ஒலி ஆவண மையத்தையே அயோனா வீடரோடு சேர்ந்து தொடங்கினார்கள். கொர்சினி தன் இரண்டு நாயகிகளுக்கும் பெயர் எடுத்தது இவர்களிடமிருந்துதான்.